ரோமியோ ஜூலியட்ல பெரியாக்கள்ட பிழையப் பத்தி எழுதுறது எப்பிடி

போன கிழமை பதினாலு பேப்பர் திருத்தினன். மட்டக்களப்பு கல்லடியில வீட்டு விறாந்தையில இருந்து, கரண்ட் போய் வாவிக்காத்து மட்டும் துணைக்கு. கேள்வி ஒண்டுதான். ரோமியோவும் ஜூலியட்டும் அழிஞ்சு போனதுல பெரியாக்கள்ட முடிவுகளுக்கு என்ன பங்கு எண்டு எழுதணும். பதினாலுல பதினொண்டு ஷேக்ஸ்பியர் 1564ல பிறந்தார் எண்டுதான் தொடங்குது. மறுகா ஒரு பக்கம் கதை. மறுகா அப்பா கெட்டவர், அம்மா கெட்டவ, ஃபாதர் கெட்டவர், ஆயா கெட்டவ எண்டு ரேஷன் கடை லிஸ்ட் மாதிரி ஒண்டு. கடைசியில எல்லாம் விதி எண்டு ஒரு வரி. பெரியாக்கள்தான் காரணம் எண்டு ரெண்டு பக்கம் எழுதிட்டு கடைசி வரியில விதி எண்டா அதுக்கு முன்னால எழுதினதெல்லாம் என்னத்துக்கு புள்ள?

நானும் படிக்கக்குள்ள அப்பிடித்தான் எழுதினன். எனக்குப் படிப்பிச்ச ஒராள் நோட்ஸ் சொல்லுவார், நாங்க எழுதுவம், அதப் பாடமாக்கி அப்பிடியே பேப்பர்ல கக்குவம். C வந்திச்சு. அது ஏன் C எண்டு விளங்க எனக்குப் பத்து வருசம் போச்சு. உங்களுக்கு அவ்வளவு போகத் தேவையில்ல எண்டுதான் இத எழுதுறன். ஸ்கூல் டெஸ்டுக்கோ கம்பஸ் அசைன்மென்டுக்கோ நாடகப் போட்டிக்கோ இந்தக் கதைய எடுக்கிற ஆருக்கும் உதவும்.

முதல்ல பேனைய வச்சிட்டு ஒரு தாள்ல கலண்டர் கீறுங்க. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். அவ்வளவுதான் முழு நாடகமும். ஞாயிறு காலையில ரெண்டு பகைக் குடும்பத்துக்கும், ரோமியோட மொண்டேகியூ வீட்டுக்கும் ஜூலியட்டுட கப்யூலெட் வீட்டுக்கும், றோட்டுல சண்டை, ராத்திரி கப்யூலெட் வீட்டு விருந்து, அண்டைக்கே ரெண்டு பேரும் கண்டு ஜன்னலடியில கதைச்சு முடிஞ்சிது. திங்கள் பின்னேரம் லோரன்ஸ் ஃபாதர் எண்ட துறவி களவாக் கலியாணம் முடிச்சு வைக்கிறார். தாலி ஏறி ஒரு மணித்தியாலம் (தாலி அங்க இல்ல, சும்மா சொல்லுறன்), ரோமியோட கூட்டாளி மேர்கியூஷியோவ ஜூலியட்டுட சொந்தக்காரன் டிபல்ட் கொல்லுறான், டிபல்ட்ட ரோமியோ கொல்லுறான், அதால ரோமியோவ ஊர விட்டுத் துரத்துறாங்க. அதே திங்கள் ராத்திரி ஜூலியட்டுட அப்பா பாரிஸ் எண்ட வேற மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுக்கிறார். செவ்வாய் விடிய ரோமியோ போறான், பிறகு வீட்டுல பெரிய சண்டை, செத்த மாதிரிக் கிடக்க ஃபாதர் ஒரு மருந்து குடுக்கிறார், ராத்திரி அவ குடிக்கிறா. புதன் காலையில செத்திட்டா எண்டு ஒப்பாரி. கல்லறையில ரெண்டு பேரும் சாகிறது வியாழன் ராத்திரியா அதுக்கு முன்னால விடியச் சாமமா எண்டு கணக்குல கொஞ்சம் இழுபறி இருக்கு, ஏனெண்டா அந்த மருந்து 42 மணித்தியாலத்துக்கு எண்டு ஃபாதர் சொல்லுறார், கூட்டிப் பாத்தா எல்லாருக்கும் ஒரே விடை வாறதில்ல, அதுல தொங்கிக்கொண்டு நிக்காதீங்க.

கலண்டர் என்னத்துக்கு எண்டா, ஷேக்ஸ்பியர் இந்தக் கதைய எடுத்தது ஆர்தர் புரூக் எண்டவர் 1562ல எழுதின நீளமான ஒரு கவிதையில இருந்து. அதுல கதை மாசக்கணக்கா இழுபடும், ஜூலியட்டுக்குப் பதினாறு வயசு. ஷேக்ஸ்பியர் மாசங்கள நாலஞ்சு நாளா நெருக்கிட்டார், வயசையும் இறக்கி பதினாலு முடிய இன்னும் ரெண்டு கிழமை சொச்சம் இருக்கு எண்டு ஆக்கிட்டார். வேணுமெண்டே செஞ்ச வேலை. அவசரப்படுறது பொடியனும் பெட்டையும் மட்டும் எண்டு நாம நினைக்கிறம், கலண்டரப் பாத்தா பெரியாக்கள்தான் அவங்கள விட ஓடுறாங்க. உங்கட இன்ட்ரோல இந்தப் பொயின்ட் ஒண்டு போதும், பிறந்த வருசம் வேணாம்.

இந்தக் கதை நமக்குப் புதுசும் இல்ல. காரைதீவுல பிறந்த விபுலானந்த அடிகள் 1926லயே மதங்க சூளாமணி எண்ட புத்தகத்துல ஷேக்ஸ்பியர்ட பன்னிரண்டு நாடகத்த எடுத்து எழுதியிருக்கார், ரோமியோவுக்கு இரம்மியன், ஜூலியட்டுக்கு சுசீலை எண்டு பேரும் வச்சு. கிளாஸ்ல இதச் சொன்னா புள்ளைகள் ஒரு கிழமைக்கு ஒருத்தரையொருத்தர் இரம்மியன் எண்டுதான் கூப்பிடுவாங்க.

சரி, வேலைக்கு வருவம். ஆர் கெட்டவர் எண்டு கேக்கிறத விடுங்க. இந்த நாடகத்துல பெரியாக்கள் கிட்டத்தட்ட எல்லாரும் நல்லதுக்கெண்டுதான் செய்யிறாங்க, அதுதான் இதுல உள்ள பயங்கரமே. ஒவ்வொரு பெரியாளையும் எடுத்து அவர் ஒரு முடிவு எடுத்த அந்த நிமிசத்துல நிப்பாட்டுங்க. அந்த நேரம் அவருக்கு என்ன தெரியும்? வேற என்ன செஞ்சிருக்கலாம்? அவர் செஞ்சதால இந்தப் புள்ளைகளுக்கு எந்தப் பாதை அடைபட்டுது? இந்த மூண்டுக்கும் டெக்ஸ்ட்ல விடை இருந்தா அது பொயின்ட். இல்லாட்டி அது உங்கட கோவம், கோவத்துக்கு மார்க்ஸ் இல்ல.

கப்யூலெட்ட வச்சுச் செஞ்சு காட்டுறன், ஏனெண்டா எல்லாரும் பிழையா எழுதுறது இவரத்தான். 'கொடூரமான தந்தை' எண்டு தொடங்குவீங்க. ஆனா முதல் அங்கம் ரெண்டாம் காட்சியில பாருங்க, பாரிஸ் பொண்ணு கேட்டு வரக்குள்ள இந்த மனுசன் என்ன சொல்லுறார்? இன்னும் ரெண்டு கோடை போகட்டும், அவ சின்னப்புள்ள, நீ போய் அவள்ட மனசப் பிடி, அவள்ட சம்மதம்தான் முக்கியம், என்ட விருப்பம் அதுல ஒரு பங்குதான் எண்டுறார். அங்கால விருந்துல ரோமியோ களவா வந்து நிக்கிறத டிபல்ட் கண்டிட்டு வாள எடுக்கப் போகக்குள்ள, விடு மகன், அவன் நல்ல பொடியன் எண்டு ஊரே சொல்லுது எண்டு மறிக்கிறதும் இவர்தான். எதிரி வீட்டுப் பொடியன நல்லவன் எண்டு வாயாலயே சொன்ன அப்பா! அப்ப இவர் ஆரம்பத்துல நல்ல அப்பா. அத நீங்க எழுதியே ஆகணும், அப்பதான் பிறகு மாறினது விழும்.

மூண்டாம் அங்கம் நாலாம் காட்சி, திங்கள் ராத்திரி. டிபல்ட் செத்து அண்டைக்கே. டிபல்ட் ஆரு? ஜூலியட்டுட அம்மாட சகோதரன்ட மகன். (இந்த இடத்துல கிளாஸ்ல எப்பவும் ஒரு வாலு கேக்கும், 'அப்ப மச்சான் முறைதானே மிஸ், அவனையே கட்டி வச்சிருக்கலாமே' எண்டு. இருங்கடா.) அந்த செத்த வீட்டுல இருந்துகொண்டு, மகளக் கேக்காமலே, அவ நான் சொல்லுறதக் கேப்பா, சந்தேகமே இல்ல எண்டு பாரிசுக்கு வாக்குக் குடுக்கிறார். புதன் கிழமை வைப்பமா எண்டு யோசிச்சு, அது கிட்டக் கிடக்கு, வியாழன் வைப்பம் எண்டுறார். நம்மட ஊருல நினைச்சுப் பாருங்க. முப்பத்தொண்டு முடியல, துடக்குக் கழியல, வீட்டு வாசல்ல வெள்ளைக் கொடி இன்னும் அவிழ்க்கல, அதுக்குள்ள பந்தல் போட்டா ஊரு என்ன சொல்லும்? அவருக்கும் அது தெரியும். ஊர் பிழையா நினைக்கும், அதால ஆறேழு பேரோட சின்னதா முடிப்பம் எண்டு அவரே சொல்லுறார். தெரிஞ்சே செய்யிறார், அதுதான் பொயின்ட். இந்தப் பேச்சு கீழ நடக்கக்குள்ள மேல் அறையில ரோமியோவும் ஜூலியட்டும் ஒண்டா இருக்காங்க. புருசன் மேல, மாப்பிள்ளை கீழ.

ஏன் மாறினார்? இதுக்கு ஒரே விடை எழுதாதீங்க. பாரிஸ் எண்டவன் ஊர ஆளுற இளவரசருக்குச் சொந்தக்காரன், டிபல்ட் செத்ததோட குடும்பத்துக்கு வந்த அவமானத்த அந்தச் சம்பந்தம் சரிக்கட்டும் எண்டு இருக்கலாம். இல்ல மகள் டிபல்ட்ட நினைச்சு அழுறாள், கலியாணம் ஒண்டு வச்சா தெளிவாள் எண்டு உண்மையிலேயே நம்பியிருக்கலாம், பாரிஸ் பிறகு ஃபாதருக்கு அந்தக் காரணத்தைத்தான் சொல்லுறான். ரெண்டுல எதுவாயிருந்தாலும் அவர் செய்யிறது தன்ட ஒரு பிரச்சினைய மகள வச்சுத் தீர்க்கிறது. இதக் கெட்டியாப் பிடிச்சுக்கொள்ளுங்க, இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விசயமே. ஃபாதருக்கும் ஒரு பிரச்சினை இருக்கு, ஊருச் சண்டை. இளவரசருக்கும் ஒண்டு இருக்கு. ரோமியோவுக்கு நஞ்சு வித்த மருந்துக்கடைக்காரனுக்கும் இருக்கு, வயித்துப்பசி. எல்லாரும் தங்கட பிரச்சினைக்கு இந்த ரெண்டு புள்ளைகளையும் மருந்தா அரைக்கிறாங்க. உங்கட முழுக் கட்டுரையும் இந்த ஒரு நூல்ல கோக்கலாம்.

அடுத்த நாள் காலையில அவ மாட்டன் எண்டக்குள்ள அவர் வெடிக்கிறது எல்லாருக்கும் தெரியும், தெருவுல கிடந்து பிச்சை எடு, பட்டினி கிட, சாவு எண்டு. அந்த கோட்ட (மேற்கோள) எல்லாரும் எழுதுவீங்க, எழுதுங்க. ஆனா ஆரும் எழுதாத ஒண்டு நாலாம் அங்கம் ரெண்டாம் காட்சியில கிடக்கு. ஜூலியட் பொய்யா மன்னிப்புக் கேட்டு வந்து நிக்கிறா, மனுசனுக்குச் சந்தோசம் தாங்கல, உடனே நாளைக்கே கலியாணம் எண்டு வியாழன புதனாக்கிறார். அம்மா கூட வியாழன் வரைக்கும் டைம் இருக்கே எண்டு சொல்லிப் பாக்கிறா, கேக்கல. அதுக்கு முதல் ஆறேழு பேர் எண்டவர் இப்ப இருபது கெட்டிக்காரச் சமையல்காரரக் கூட்டிக்கொண்டு வா எண்டுறார். அந்த ஒரு நாள் குறைஞ்சதால ஜூலியட் மருந்த ஒரு ராத்திரி முந்திக் குடிக்கிறா, அவ உண்மையில சாகல எண்டு ஃபாதர் ரோமியோவுக்கு எழுதின கடிதம், அவன் இருக்கிற மன்டுவா ஊருக்குப் போய்ச் சேர இருந்த நேரம் ஒரு நாளால சுருங்குது. கோவத்துல எடுத்த முடிவ விட சந்தோசத்துல எடுத்த முடிவு கூட நாசம் பண்ணியிருக்கு. இத எழுதின புள்ள எனக்கு இன்னும் வரல. ஆரும் எழுதினா அந்தப் பேப்பர நான் ஃபிரேம் போட்டு வைப்பன்.

அம்மாவுக்கு ஒரு பந்தியே கூட. மகளோட தனியாக் கதைக்கப் போறன் எண்டு ஆயாவ வெளிய அனுப்பிட்டு, ஒரு நிமிசத்துல திருப்பிக் கூப்பிடுறா, தனியாக் கதைக்கத் தெரியல. உன்ட வயசுல நான் உனக்குத் தாய் எண்டு சொல்லுறா. பிறகு மகள் காலப்பிடிச்சுக் கெஞ்சக்குள்ள, உன்னோட எனக்கு வேலை இல்ல, விருப்பமானதச் செய் எண்டு போட்டுப் போறா. இந்த மூண்டையும் மூண்டு வரியில வச்சிட்டு நகருங்க.

ஆயாட்ட வரக்குள்ள மெதுவாப் போங்க. பால் குடுத்து வளத்தவ. தன்ட சொந்த மகள் சூசன் செத்துப் போனவ, ஜூலியட்டுட வயசுதான் அதுக்கும், அதச் சொல்லிட்டு உடனே பகிடிக்கு மாறிடுவா, ஆனா அந்த ஒரு வரியில எல்லாம் இருக்கு. நம்மட ஊருல இப்பிடி ஒராள் எல்லா வீட்டுலயும் இருக்கும், பெத்தா முறையிலயோ பக்கத்து வளவு மாமி முறையிலயோ, அம்மாட்டச் சொல்லேலாதத அவட்டச் சொல்லுவம். ரோமியோட்டப் போய்ச் செய்தி கொண்டு வந்ததும் இவதான், கயித்து ஏணி கொண்டு வந்ததும் இவதான். அப்பா ஏசக்குள்ள குறுக்க விழுந்து, நீங்க ஏசுறது பிழை எண்டு சொன்ன ஒரே ஆளும் இவதான், வேலைக்கு நிக்கிற பொம்புள! அதச் சொல்லாம ஆயா துரோகி எண்டு மட்டும் எழுதினா நியாயமில்ல.

ஆனா அப்பாவும் அம்மாவும் போன பிறகு, எனக்கொரு ஆறுதல் சொல்லு எண்டு ஜூலியட் கேக்கக்குள்ள ஆயா சொல்லுறது என்ன? பாரிசக் கட்டு, அவன் அருமையான ஆள், அவனுக்குப் பக்கத்துல ரோமியோ ஒரு பாத்திரம் துடைக்கிற துணி. திங்கள் பின்னேரம் அவள்ட கையாலயே முடிச்சு வச்ச கலியாணம், செவ்வாய் காலையில துணி. அவ ஏன் சொன்னா எண்டும் கேளுங்க. ரோமியோ திரும்பி வர மாட்டான் எண்டு அவ நினைக்கிறா, புள்ள தெருவுக்குப் போகாம இருந்தாச் சரி எண்டு நினைக்கிறா, தன்ட வேலையும் போகாது. பாசமும் பயமும் கலந்து வந்த வார்த்தை அது. அதுக்குப் பிறகு ஜூலியட் அவட்ட பொய் சொல்லுறா, எனக்கு நல்ல ஆறுதல் சொன்னாய் எண்டு. அந்தப் பொய்யோட அந்த வீட்டுல அவளுக்கு இருந்த கடைசி ஆளும் இல்லாமப் போச்சு. மருந்துக் குப்பியோட ராத்திரி தனியாப் படுக்கிறது அதாலதான், அண்டைக்கு ஆயாவ அறைக்குள்ள படுக்க வேணாம் எண்டு அனுப்பினதும் அவளேதான்.

இனி லோரன்ஸ் ஃபாதர். இவரப் பத்தித்தான் மார்க்ஸ் கூட வரும். மனுசன் ரோமியோவக் கண்டதும் முதல்ல ஏசுறார், நேத்து வரைக்கும் ரோசலினுக்கு அழுதாய், இண்டைக்கு வேறொருத்தியா, பொடியன்மார்ட காதல் கண்ணுலதான் இருக்கு மனசுல இல்ல எண்டு. அப்ப அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சிட்டும் அதே காட்சியில ஓம் எண்டுறார். காரணத்தையும் அவரே சொல்லுறார், இதால ரெண்டு வீட்டுப் பகையும் அன்பா மாறலாம் எண்டு. 'வைஸ்லி அண்ட் ஸ்லோ' (யோசிச்சு மெதுவாப் போ) எண்டு புத்தி சொல்லி முடிச்ச அதே நாள் பின்னேரமே முடிச்சு வைக்கிறார். இந்த கோட்ட எழுதக்குள்ள அவர் நல்ல புத்தி சொன்னார் எண்டு மட்டும் எழுதாதீங்க, சொன்னதுக்கும் செஞ்சதுக்கும் நடுவுல எத்தின மணித்தியாலம் எண்டு கலண்டரப் பாத்து எழுதுங்க.

திங்கள் ராத்திரி பாரிஸ் சம்பந்தம் பேசியான நேரத்துல, கதை நடக்கிற அந்த முழு வெரோனா ஊருலயும் இவ ஏற்கனவே கலியாணம் முடிச்சவ எண்டு தெரிஞ்ச பெரியாக்கள் ரெண்டே ரெண்டு பேர். ஆயா ஒண்டு, ஃபாதர் ஒண்டு. ஒராள் மறுபடி கட்டு எண்டுறா, மத்தவர் செத்த மாதிரி நடி எண்டு மருந்து குடுக்கிறார். வாயத் திறந்து உண்மையச் சொல்ல ரெண்டு பேருக்கும் துணிவு வரல. சொன்னா தங்களுக்கும் வில்லங்கம்தானே. ஃபாதர் கடைசியில உண்மைய முழுக்கச் சொல்லுறார், எங்க எண்டா கல்லறையில, மூண்டு பிரேதத்துக்குப் பக்கத்துல நிண்டு, சுருக்கமாச் சொல்லுறன் எண்டு தொடங்கி நீட்டி முழக்கி. அதே கதைய செவ்வாய்க்கிழமை கப்யூலெட் வீட்டு விறாந்தையில சொல்லியிருந்தா?

கடிதம் போய்ச் சேராதது விதிதானே மிஸ் எண்டு கேப்பீங்க. ஜோன் ஃபாதர் கடிதத்தோட போகக்குள்ள தொற்றுநோய்ச் சந்தேகத்துல வீட்டுக்குள்ள வச்சு அடைச்சிட்டாங்க, அது ஆர்ட பிழையும் இல்ல, சரி. இதுக்கு நான் கிளாஸ்ல அபிமன்யு கதையத்தான் சொல்லுறது. விடிய விடிய வட்டக்களரியச் சுத்தி இருந்து கூத்துப் பாத்த ஆக்களுக்கு விளங்கும். பொடியனுக்கு சக்கர வியூகத்த உடைச்சு உள்ள போகத் தெரியும், வெளிய வரத் தெரியாது. நீ உடைச்சிட்டுப் போ, நாங்க பின்னால வாறம் எண்டு தருமரும் வீமனும் அனுப்புறாங்க, ஜயத்திரதன் வந்து வாசல மறிச்சிட்டான். ஜயத்திரதன் மறிச்சது கெட்ட காலம். ஆனா வெளிய வரத் தெரியாதவன ஒரே ஒரு வழிய நம்பி உள்ள அனுப்பினது ஆரு? ஃபாதரும் அப்பிடித்தான், 42 மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளையக் கல்லறைக்குள்ள அனுப்பிட்டு வெளிய எடுக்கிறதுக்கு ஒரே ஒரு கடிதம்.

அதுலயும் ஒரு சின்ன விசயம் கவனிங்க. மூண்டாம் அங்கத்துல ரோமியோவ மன்டுவாவுக்கு அனுப்பக்குள்ள, உன்ட ஆளக் கண்டுபிடிச்சு அவன் மூலமா உனக்குச் செய்தி அனுப்புறன் எண்டு வாக்குக் குடுக்கிறது இதே ஃபாதர்தான். கடிதம் அனுப்பக்குள்ள அந்த ஆளத் தேடாம ஜோன் ஃபாதர அனுப்புறார். ரோமியோட ஆள் பல்தசாருக்கு ஒண்டும் தெரியாது, அவன் பாட்டுக்கு ஜூலியட் செத்திட்டா எண்ட செய்தியக் கொண்டு குதிரையில பறக்கிறான். பொய்ச் செய்தி போய்ச் சேந்துது, உண்மைச் செய்தி அடைபட்டுக் கிடந்துது. முதல்ல சொன்ன வழிய அவர் பிடிச்சிருந்தா பல்தசாருக்கே உண்மை தெரிஞ்சிருக்கும். கேள்வியில முடிவுகள் எண்டு ஒரு சொல் இருக்கே, அதுக்கு இத விட நல்ல உதாரணம் இந்த நாடகத்துல இல்ல. நோய் தற்செயல், ஆளத் தெரிஞ்செடுத்தது முடிவு.

கடைசியா கல்லறையில ஜூலியட் முழிக்கக்குள்ள ஃபாதர் அங்க நிக்கிறார். வா, உன்ன கன்னியாஸ்திரிகள்ட விட்டுடுறன் எண்டுறார். காவல்காரர்ட சத்தம் கேக்குது, நான் இனி நிக்கேலாது எண்டு போட்டு ஓடுறார். பதினாலு வயசு ஆகாத புள்ள, பக்கத்துல புருசன்ட பிரேதம், கத்தி கிடக்கு. இதுக்கு விளக்கம் எழுதாதீங்க, நடந்தத மட்டும் ரெண்டு வரியில எழுதுங்க, விளக்கினா பலம் போயிரும்.

மத்தவங்களுக்கு நேரம் இருந்தா மட்டும். இளவரசர் மூண்டு தரம் ஊர்ச்சண்டை நடந்த பிறகுதான் மரண தண்டனை எண்டு வெருட்டுறார், பிறகு அதையும் ரோமியோ விசயத்துல நாடுகடத்தலா மாத்துறார், கடைசியில நானும் கண்ண மூடிக்கொண்டு இருந்திட்டன், என்ட சொந்தத்துல ரெண்டு பேரப் பறிகுடுத்திட்டன் எண்டு ஒத்துக்கொள்ளுறார். ஒத்துக்கொண்ட அந்த வரி நல்ல கோட். ரோமியோட அப்பா மொண்டேகியூ, மகனுக்கு என்ன கவலை எண்டு தானே கேட்டும் பாத்தார், பலிக்கல, பிறகு அத சொந்தக்காரப் பொடியன் பென்வோலியோட்ட விட்டிட்டார். மருந்துக்கடைக்காரன் நஞ்சு வித்தா மன்டுவாவுல மரண தண்டனை எண்டு தெரிஞ்சும் நாப்பது டகட் காசுக்கு விக்கிறான், சம்மதிக்கிறது என்ட வறுமை, நான் இல்ல எண்டு சொல்லி. அவன ஃபாதரோட ஒரே தராசுல வைக்காதீங்க, பாவம்.

ஒரு ஆபத்து இருக்கு. இவ்வளவும் எழுதிக்கொண்டு போகக்குள்ள ரோமியோவும் ஜூலியட்டும் ஒண்டும் தெரியாத பச்சப்புள்ளைகள் எண்டு வந்திரும். டிபல்ட்டக் குத்தினது ரோமியோ, இளவரசர்ட சட்டம் தெரிஞ்சுதான். களவாக் கட்டுவம் எண்டு முதல்ல சொன்னது ஆயா இல்ல, ஜூலியட்தான் அந்த ராத்திரியே கலியாணப் பேச்ச எடுக்கிறா. இதுக்கு ஒரு பந்தி ஒதுக்கி, ஓம் இவங்களும் அவசரப்பட்டாங்க எண்டு ஒத்துக்கொள்ளுங்க, ஆனா அவங்களுக்கு முன்னால திறந்திருந்த வழிகள் எத்தின, பெரியாக்களுக்குத் திறந்திருந்த வழிகள் எத்தின எண்டு பக்கத்துல வச்சுக் காட்டுங்க. விதியையும் இங்கயே முடிச்சிடுங்க. முன்னுரைப் பாட்டு பதினாலு வரி, அதுல ஸ்டார் குரொஸ்ட் (விதி குறுக்க நிக்கிற) எண்டும் இருக்கு, பெத்தவங்கட பகை, பெத்தவங்கட கோவம் எண்டும் இருக்கு. எல்லாரும் முதலாவத மட்டும் எழுதுவாங்க, நீங்க மத்ததையும் சேத்து எழுதினா நீங்க உண்மையில வாசிச்சிருக்கீங்க எண்டு திருத்துற ஆளுக்கு விளங்கும்.

எழுதுற விதத்துக்கு ஒரு உதாரணம். ஒரு பேப்பர்ல இப்பிடி இருந்துது: 'ஆயா மிகவும் மோசமானவள், அவள் ஜூலியட்டை ஏமாற்றினாள், ஆகவே அவளும் காரணம்.' நான் அந்தப் புள்ளையோட இருந்து இப்பிடி மாத்தினன்: 'ரோமியோ திரும்பி வர மாட்டான் என்று நம்பிய ஆயா, ஜூலியட்டைத் தெருவுக்கு விடாமல் காப்பாற்றத்தான் பாரிஸைக் கட்டச் சொல்கிறாள்; ஆனால் அந்த ஒரு அறிவுரையால் ஜூலியட் அந்த வீட்டில் உண்மை பேசக்கூடிய கடைசி ஆளையும் இழந்து, ஃபாதரின் ஆபத்தான திட்டத்துக்கே தள்ளப்படுகிறாள்.' தெரிஞ்சது, செஞ்சது, அடைபட்டது மூண்டும் ஒரே வசனத்துல இருக்கு. முதல்ல தமிழ்ல இப்பிடி ஒண்டு எழுதிப் பாத்திட்டு பிறகு இங்லிஷுக்குக் கொண்டு போங்க, நேரா இங்லிஷ்ல தொடங்கினா நோட்ஸ்ல பாடமாக்கினதுதான் கையில வரும்.

முடிவுரையில இந்தக் காலப் பெற்றோருக்கு அறிவுரை எழுதாதீங்க. நாடகத்துலயே ஒரு முடிவு கிடக்கு. ரெண்டு அப்பாமாரும் கல்லறையில கை குடுக்கிறாங்க, மொண்டேகியூ சொல்லுறார், ஜூலியட்டுக்கு தங்கத்துல சிலை வைக்கிறன், உடனே கப்யூலெட் அதே அளவுக்கு ரோமியோவுக்கும் வைக்கிறன் எண்டுறார். சமாதானமா, இல்ல இதுலயும் போட்டியா? அந்த இடத்துல கேள்விய விட்டிட்டு பேனைய மூடுங்க.

கிளாஸ் வழக்கம்போல செவ்வாய் பின்னேரம், பாலத்துக்கு இஞ்சால பக்கம். கலண்டர் கீறின தாளோட வாங்க, புதன் எண்ட கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்க எண்டு முதல்ல பாப்பன்.